பொன்வயலும் மாயக்கதையும்

கோலார் தங்கவயல் ஒரு வாசகரால் தோன்றிய ஊர் என்று சொன்னால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் அது உண்மை. 1802ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளந்துகொண்டிருந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் செவிக்கு, அப்பகுதி மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற ஊர்ப்பேச்சு எட்டியது. அவர் அதை வெறும் கதையென்று தள்ளிவிடவில்லை. வண்டி வண்டியாக மண்ணைக் கொணரச் செய்து, தம் கண்முன்னே நீரில் அரிக்கச் செய்தார். பொன் துகள்கள் தென்பட்டன. மாரிக்குப்பத்தின் அருகே ஆடவர் குழிகளில் இறங்கிக் கல் எடுப்பதையும், பெண்டிர் அக்கல்லைத் தூளாக்கி அரித்தெடுப்பதையும் கண்டு எழுதினார். அந்த அறிக்கை 1804ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கட்டுரை உறங்கிக்கிடந்தது. 1871ஆம் ஆண்டு வாக்கில் படைத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் வாழ்ந்த லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் அதைப் படித்தார். படித்ததோடு நில்லாமல் நம்பினார். மாட்டுவண்டியில் கோலார் சென்றார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875இல் உரிமை பெற்றார். அவரால் இயலாமற்போனதை 1880இல் வந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் செய்து முடித்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று அந்தப் பாறைக்குள் இறங்கினார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட, நிலமற்ற உழவுக் கூலிகள்.

இவ்வாறு ஊர்ப்பேச்சு கட்டுரையாகிக் கட்டுரை சுரங்கமாயிற்று. அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. மூடியபின் அது மீண்டும் கதையாகியிருக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் இதை நன்கு அறிவார்கள். பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ ‘எங்கள் உறவினர் தங்கவயலில் இருக்கிறார்கள்’ என்று நாம் சொன்னால், கேட்பவர் முகத்தில் உடனே ஒரு திரைப்பட நாயகனின் தாடியும் சம்மட்டியும் தோன்றிவிடுகின்றன. ஊரைப் பற்றிய அடுத்த கேள்வி பெரும்பாலும் அந்தப் படத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆதலின் கதைகேட்போர் அனைவருக்கும் பொதுவான ஒரு வழக்கை இவ்வூரை முன்னிட்டு ஆராயலாம் எனக் கருதுகிறோம். வீரசாகசக் கதை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நாயகன் மலையேறுகிறான், பகைவரை வெல்கிறான், பசியும் காயமும் அவனுக்கு உண்டு. திடீரெனக் கதை மாய உலகத்துள் திரும்பிவிடுகிறது. தெய்வமோ ஆவியோ முற்பிறவியோ குறுக்கிடுகிறது. அப்போது வாசகர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஏமாற்றப்பட்டோம் என்கிறார் ஒருவர். இப்போதுதான் கதை கதையாயிற்று என்கிறார் மற்றவர்.

இவ்வழக்கு புதிதன்று. டெய்லர் நிறுவனத்தார் கோலார் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1885இல், இங்கிலாந்தில் ரைடர் ஹாகர்டு என்பவர் ‘சாலமன் மன்னனின் சுரங்கங்கள்’ என்ற நாவலை வெளியிட்டார். ஆலன் குவாட்டர்மெயின் என்ற வேட்டைக்காரன் அதன் நாயகன்; துப்பாக்கியையும் தன் கால்களையும் நம்புகிறவன். கோலார்ச் சுரங்கங்களின் பங்குப் பத்திரங்கள் இலண்டனில் விலைபோன நாள்களில், ஆங்கிலேயர் வீடுகளில் இப்புத்தகமும் விலைபோயிற்று என்பதை ஒரு புன்னகையுடன் குறித்துவைக்கலாம். அந்தக் குவாட்டர்மெயினே 1920இல் வெளிவந்த ‘பண்டை ஆலன்’ என்னும் நாவலில் ஒரு மூலிகைப் புகையை உட்கொண்டு, எகிப்தில் தான் வாழ்ந்த முற்பிறவிக்குப் போய்விடுகிறான். சுவடு பார்த்து யானையைத் தொடர்ந்தவன் புகைக்குள் பிறவியைத் தொடரத் தொடங்கினான்.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு கானன் டாயிலிடம் இருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த இவரே, 1912இல் ‘மறைந்த உலகம்’ என்ற நாவலில் பேராசிரியர் சாலஞ்சர் என்னும் முரட்டு அறிஞரையும் படைத்தார். எதையும் சான்றின்றி நம்பாதவர் சாலஞ்சர். அவரை 1926இல் வந்த ‘மூடுபனி நாடு’ என்னும் நாவலில், ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்கு டாயில் அழைத்துச் சென்றார். முடிவில் நம்பவும் வைத்தார். டாயிலின் மகன் 1918இல் இறந்தார். ஆவியுலக நம்பிக்கையைப் பரப்புவதே டாயிலின் பிற்கால வாழ்வின் பெரும்பணியாயிற்று. துயருற்ற ஒரு தந்தை எழுதிய நூல் என்ற வகையில் அதை நாம் மரியாதையுடன் அணுகலாம். எனினும் சாலஞ்சரை விரும்பியோர் பலர் அந்நூலைக் கதையென்று ஏற்கவில்லை; பிரசாரம் என்றே ஒதுக்கினார்கள். ஹோம்ஸை மட்டும் டாயில் அவ்வாறு செய்யவில்லை என்பது நோக்கத்தக்கது. 1924இல் எழுதிய இரத்தக்காட்டேரிக் கதையிலும் ஹோம்ஸுக்குக் கிடைப்பது மனிதர் செய்த காரியமே. தம் நம்பிக்கையைவிட அந்தத் துப்பறிவாளரின் குணம் பெரிது என்று டாயிலின் கைக்குத் தெரிந்திருந்தது போலும்.

தமிழ் நாவலுக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் சுஜாதா எழுதிய ‘கொலையுதிர் காலம்’ தொடரைப் படித்த நேயர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். கணேஷ், வசந்த் என்ற இரு வழக்கறிஞர்கள் சட்டத்தையும் தருக்கத்தையும் கொண்டு துப்புத் துலக்குபவர்கள். அவர்களைக் கொண்டுபோய்ப் பேய் நடமாடும் பண்ணைவீடு ஒன்றில் நிறுத்தினார் ஆசிரியர். ஆவியா, விஞ்ஞானமா என்ற கேள்வியை வாரந்தோறும் தொங்கவிட்டார். விஞ்ஞான விளக்கம் வந்த பின்னும் ஐயத்தின் நிழல் முற்றும் அகலவில்லை. இது அந்நாவலின் பலமா பலவீனமா என்று வாசகர் இன்றும் வாதிடுகின்றனர். நம் கருத்தில் இது பலமே. ஏனெனில் ஆவியைக் கண்டு வாசகர் திகைக்கும்போது கணேஷும் உடன் திகைக்கிறார். அவர் குணம் மாறிவிடவில்லை. சாலஞ்சருக்கு நேர்ந்தது வேறு. அங்கே கதையின் போக்கு மாறியதோடு ஆளும் மாறிவிட்டார்.

மாயக்கதை என்ற ஒன்றே தமிழ் வாசகருக்கு ஆகாது என்று எவரும் கூறமுடியாது. மணிபல்லவத் தீவில் புத்தபீடிகையைக் கண்டு மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கிறாள். ஆங்கிலேயருக்கு மூலிகைப் புகை தேவைப்பட்ட இடத்தில் நமக்கு ஒரு பீடிகை போதுமாயிற்று. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் பேசுவதை எந்தப் பாட்டியும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொன்னதில்லை. புதையலைப் பூதம் காக்கும் என்பதும் நம் ஊர்களில் பழம்பேச்சு. ஆனால் அக்கதைகள் முதலடியிலேயே தம் அளவுகோலை நமக்குக் காட்டிவிடுகின்றன. மாவட்டத்தின் பெயர், காலம், கூலி, வட்டாரப் பேச்சு என்று தொடங்கும் கதை வேறோர் அளவுகோலைத் தருகிறது. பாதிவழியில் அதைப் பிடுங்கிக்கொண்டால்தான் வாசகர் முகம் சுளிக்கிறார்.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு தங்கவயலுக்குத் திரும்புவோம்.

2018 டிசம்பரில் கன்னடத்தில் வெளியாகித் தமிழிலும் பேசிய ‘கே.ஜி.எஃப்.’ படம், பிரசாந்த் நீல் இயக்கியது. அதன் இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலில் வந்தது. படத்தின் கதையே ஒரு நூலிலிருந்து படிக்கப்படுவதாக அமைந்தது. அரசு தடைசெய்து எரித்த நூலாம் அது. அதன்படி 1951இல் நாயகன் பிறந்த அதே இரவில் நராச்சி என்னும் இடத்தில் பொன் கண்டுபிடிக்கப்படுகிறது. பின்னர் அங்கே மக்கள் அடிமைகளாக அடைத்துவைக்கப்படுகிறார்கள். நாயகன் தனியொருவனாக வந்து மீட்கிறான். படப்பிடிப்பின் ஒரு பகுதி, பொன் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளின்மேலேயே நடந்தது. இது காலமும் இடமும் கலைந்த மாயக்கதை என்பது முதற்காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. எனவே வாசகர்க்குரிய ஏமாற்றம் இதில் இல்லை.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. உண்மையில் 1951ஆம் ஆண்டில் அச்சுரங்கங்களுக்கு எழுபது வயது. சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து அங்கே மின்சாரம் வந்து அரைநூற்றாண்டு ஆகியிருந்தது. 1902இல் அது வந்தபோது இந்நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் எண்ணெய் விளக்குகளே எரிந்தன. தொழிலாளரும் எவரேனும் வந்து மீட்கட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது 1930இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தவர்கள், தொழிற்சங்கம் கண்டவர்கள். 1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. நராச்சி மக்களுக்குப் பேசத் தெரியாது. மாரிக்குப்பத்து மக்களுக்குப் பத்திரிகை நடத்தவே தெரிந்திருந்தது.

இது மிகைச்சொல் அன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் 1914இல் மறைந்தபின் தடுமாறியது. 1926 முதல் அதைக் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. பகலெல்லாம் பாறைக்குள் உழைத்தோர் மாலையில் ‘லைன்’ வீடுகளின் விளக்கொளியில் அவற்றைப் படித்தனர். எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டினர். பண்டிதர் கற்றுக்கொடுத்த வாசிப்பு முறை தனித்தன்மை உடையது. பழங்கதைகளையும் பண்டிகைகளையும் அவர் பொய்யென்று எறிந்துவிடவில்லை. அவற்றின் அடியில் மறைக்கப்பட்ட ஒரு பௌத்த வரலாறு கிடக்கிறது என்று தோண்டினார். பாறையைத் தோண்டுவோருக்கு இவ்வகை வாசிப்பு எளிதில் விளங்கியிருக்கும்!

2024 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியான ‘தங்கலான்’ படத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வழக்கு தெளிவாகும். இயக்கியவர் பா. இரஞ்சித்; கதையில் தமிழ்ப்பிரபாவும் உரையாடலில் அழகிய பெரியவனும் துணைநின்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வட ஆர்க்காட்டின் வேப்பூரில் நிலத்தைப் பறிகொடுத்த தங்கலான், ஆங்கிலத் துரை ஒருவனுக்கு வழிகாட்டியாகப் பொன் தேடிப் புறப்படுகிறான். பொன் கிடைத்தால் நிலத்தை மீட்கலாம் என்பது அவன் கணக்கு. பெண்டிரும் பிள்ளைகளும் உடன் செல்கிறார்கள். வாரன் மாரிக்குப்பத்தில் கண்டெழுதிய காட்சியைப் படித்தவர்களுக்கு இப்பகுதி மிக அணுக்கமாகத் தோன்றும். உடை, பேச்சு, உழைப்பு, பசி யாவும் ஓர் ஆவணத்தின் தன்மையுடன் அமைந்தன. விக்ரமின் நடிப்பைப் புகழாதவர் அரியர்.

பிறகு ஆரத்தி வருகிறாள். பொன்னைக் காக்கும் நாகர் குலப் பெண் அவள். ஆவியா, தெய்வமா, தங்கலானின் மனத்தோற்றமா என்பது விளங்காத உரு. நாயகனின் முற்பிறவிகள் திறக்கின்றன. புத்தர் சிலை வெளிப்படுகிறது. குவாட்டர்மெயின் புகைக்குள் சென்றதுபோல் தங்கலானும் காலத்துக்குள் செல்கிறான். திரையரங்கில் கட்சி பிரிந்தது. முற்பாதியின் உறுதி பிற்பாதியில் கலைந்துவிட்டது, தோற்றங்கள் திரும்பத் திரும்ப வந்து குழப்பின என்றனர் பலர். எழுதப்படாத வரலாற்றை இவ்வாறன்றி வேறெவ்வாறு சொல்வது என்று வினவினர் வேறு சிலர்.

இரு கட்சியாரிடமும் நியாயம் உண்டு. ஆனால் சமமான நியாயம் என்று நாம் கருதவில்லை. குழப்பம் என்ற குற்றச்சாட்டை ஏற்கிறோம். ஒரு காட்சி ஒருமுறை வந்தால் மாயம். ஐந்துமுறை வந்தால் தடங்கல். அளவுகோல் மாறுவதை முன்கூட்டி உணர்த்தும் பக்குவமும் சிறிது குறைவே. எனினும் ‘வரலாற்றுக்குள் மாயம் ஏன்?’ என்று கேட்போர்க்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த வரலாறு யாருடைய ஏடுகளில் இருக்கிறது? வாரன் எழுதினார், லவெல் விண்ணப்பித்தார், கம்பெனியார் ஆண்டறிக்கை அச்சிட்டனர். வெள்ளையர் வருமுன்னரே அங்கே தோண்டப்பட்ட பழங்குழிகள் இருந்தன. அவற்றைப் பின்பற்றியே புதிய சுரங்கங்கள் பொன்னை அடைந்தன. அப்பழங்குழிகளைத் தோண்டியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வாரனுக்குக் கல் எடுத்துக் காட்டியவன் பெயரும் இல்லை. ஏடு இல்லாத இடத்தில் பூதக்கதை நிற்கிறது. அதையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது கம்பெனியின் கணக்கே.

ஆகவே மாயம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. நராச்சியின் மாயம், அங்கிருந்த மக்களை அகற்றிவிட்டு அவர்கள் இடத்தில் ஒரு நாயகனை நிறுத்துகிறது. ஆரத்தியின் மாயம், அகற்றப்பட்டவர்களை அவர்கள் இடத்துக்கே கொணர முயல்கிறது; முயற்சியில் இடறவும் செய்கிறது. மணிமேகலையையும் ‘தமிழ’னையும் படித்த ஊருக்கு, நாகரும் புத்தரும் முற்பிறவியும் வெளியூர்ச் சரக்கல்ல. சாலஞ்சரைப்போல் தங்கலான் ஆள் மாறிவிடவும் இல்லை. நிலத்தை இழந்தவன் என்ற தன்மை பிறவிதோறும் அவனைத் தொடர்கிறது.

இவ்வளவும் சொன்னபின், நம் மனத்தில் ஒரு குறை நிற்கிறது. கோலாரின் நடந்த கதையே எழுதி முடியாதது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக விளங்கியது. அடியில் பாறையின் வெப்பம் ஏறத்தாழ 65 பாகையை எட்டியது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தியே ஆளை நிறுத்த வேண்டியிருந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் மேலே வந்தது. அதை வெட்டியவர்களின் நெஞ்சில் பாறைத்தூள் தங்கியது. ஒவ்வொரு முறைமாற்றத்திலும் கூண்டில் இறங்கி ஏறிய மனிதனைவிடப் பெரிய சாகச வீரனை எந்த நாவலாசிரியர் படைக்கப்போகிறார்? அம்மனிதனின் பேரர் இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார். குழிகளில் நீர் நிறைந்துவிட்டது. இறங்கியவர்கள் முதுமையுற்றார்கள். நேயர்களுள் தங்கவயலில் தாத்தாவோ பெரியப்பாவோ உடையவர்கள், அடுத்த முறை செல்லும்போது படத்தைப் பற்றிப் பேசுமுன் அவர்களிடம் ‘எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டு, வரும் விடையைத் தாளில் எழுதிவைத்தல் நன்று.

அவர்கள் முதலில் சொல்லப்போவது அநேகமாகப் பாறைவெடிப்பைப் பற்றியதாக இருக்கும். வெட்டி வெட்டி வெறுமையான ஆழத்தில், மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும். உள்ளே இருப்பவர்களை நொடியில் மூடிவிடும். மேலே ஊரில் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். சுவர்கள் கீறல் விடும். பெண்டிர் ஷாஃப்டை நோக்கி ஓடுவர். நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளை வைத்து அறிஞர் அதை ஆராய்ந்தனர்.

கானன் டாயில், வாசகர் ஏற்காத அந்த ஆவி நாவலுக்குப் பிறகு, 1928இல் சாலஞ்சரை மீண்டும் பழைய முரடராகவே கொண்டுவந்தார். ‘உலகம் அலறியபோது’ என்பது அக்கதையின் பெயர். பூமி ஓர் உயிருள்ள பிராணி என்று கருதும் சாலஞ்சர், இங்கிலாந்தில் எட்டு மைல் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதன் மெய்த்தோலில் ஊசியைப் பாய்ச்சுகிறார். பூமி வாய்விட்டு அலறுகிறது. இலண்டன் வாசகர்கள் அதை நல்ல வேடிக்கைக் கற்பனையாகச் சுவைத்தனர். அதே ஆண்டில் கோலாரில் நம்மவர் மைலுக்கும் மேற்பட்ட ஆழத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அலறும் ஒலியை அவர்கள் அறிந்திருந்தார்கள்.